ஸ்டஃபிங்ல கரம் மசாலா போடும் கனவான்களே, ஒரு நிமிஷம்!

நவம்பர் வந்தாலே எனக்கு பிரஷர் ஏறிடும். குளிரால இல்லீங்க. நம்ம மக்கள் எழுதற 'தேங்க்ஸ்கிவிங் ஸ்பெஷல்' பதிவுகளைப் படிச்சுத்தான்.

இந்த வருஷமும் நாலஞ்சு பார்த்தாச்சு. எல்லாத்துலயும் ஒரே கதை. முதல் பாராவுல "இந்த அமெரிக்கக்காரனுக்கு சமைக்கவே தெரியாதுப்பா, எல்லாம் சப்புன்னு இருக்கும்"னு ஒரு பீடிகை. அடுத்த பாராவுல ஸ்டஃபிங்னு ஒரு ஐட்டம் அறிமுகம். அதுக்கப்புறம் ஆரம்பிக்குது அட்டூழியம். இஞ்சி பூண்டு விழுது, நாலு பச்சை மிளகாய், கரம் மசாலா, மல்லித்தூள், தாளிக்க கடுகு, மேல ஒரு பிடி கறிவேப்பிலை. கடைசியில "நம்ம டேஸ்ட்டுக்கு மாத்திட்டோம்ல!"னு ஒரு ஸ்மைலி. கீழே "சூப்பரப்பு", "ரிப்பீட்டேய்" பின்னூட்டங்கள் வரிசை கட்டி நிக்குது.

யார் பேரையும் சொல்லப் போறதில்ல. ஆனா இதுல உள்குத்து எதுவும் இல்ல, நேர்க்குத்துதான். தொப்பி பொருந்தினா போட்டுக்கோங்க.

தெரியாதவங்களுக்கு மட்டும் ரெண்டு வரி. அமெரிக்காவுல நவம்பர் மாசம் நாலாவது வியாழக்கிழமை தேங்க்ஸ்கிவிங். லிங்கன் 1863-ல அறிவிச்சு வருஷா வருஷம் நடக்க ஆரம்பிச்சது, 1941-ல சட்டம் போட்டு 'நாலாவது வியாழன்'னு நிலைப்படுத்தினாங்க. வான்கோழிதான் நாயகன்னு ஊரே சொல்லும். என்னைக் கேட்டா வான்கோழி சும்மா கட்-அவுட். மேஜையில முதல்ல காலியாகறது ஸ்டஃபிங்தான். காய வெச்ச ரொட்டித் துண்டுகள், வெங்காயம், செலரி, வெண்ணெய், சாஸேஜ், சேஜ் இலை, கோழி ஸ்டாக், முட்டை எல்லாம் கலந்து ஓவன்ல வேக வெச்சது. முன்னல்லாம் பறவை வயித்துக்குள்ள அடைச்சு வேக வெச்சதால அந்தப் பேரு. தெற்கு மாநிலங்கள்ல இதையே சோள ரொட்டியில பண்ணி 'டிரெஸ்ஸிங்'னு சொல்வாங்க. பென்சில்வேனியா ஜெர்மன் வம்சாவளி மக்கள்கிட்ட இதுக்குப் பேரு 'ஃபில்லிங்', அதுல உருளைக்கிழங்கு மசியலும் சேரும்.

இதைப் பார்த்ததும் நம்மாளு அடிக்கற முதல் கமெண்ட்: "அட, பிரெட் உப்புமா!"

ஐயா, உப்புமா இல்லீங்க. உப்புமாவை நான் குறைச்சுச் சொல்லலை, நானே உப்புமா கட்சிதான். ஆனா ஸ்டஃபிங்ல முட்டை இருக்கு, ஸ்டாக் இருக்கு. ஓவனுக்குள்ள போனதும் அது கஸ்டர்ட் மாதிரி உள்ள இறுகி, மேல மொறுமொறுன்னு பிடிக்குது. அடியில பஞ்சு, மேல முறுக்கு. ஒரே டிரேக்குள்ள இந்த ரெண்டும் இருக்கணும், அதுதான் அந்தப் பண்டத்தோட உயிரு. வாணலியில பிரெட்டைப் பிச்சுப் போட்டு கிண்டி எடுத்துட்டு "ஸ்டஃபிங் பண்ணிட்டேன்"னு சொன்னா, இட்லி மாவைத் தோசைக்கல்லுல ஊத்திட்டு "இட்லி சுட்டேன்"னு சொல்ற மாதிரி.

சரி, மெயின் மேட்டருக்கு வரேன். சப்புன்னு இருக்காம்.

நான் கேக்கறேன், சேஜ் இலையை எப்பவாவது வெண்ணெயில போட்டு மோந்து பார்த்திருக்கீங்களா? கொஞ்சம் கற்பூர வாசம், கொஞ்சம் மிளகுக் காரம், கொஞ்சம் கசப்பு. கையில கசக்கினா ஓமவல்லி, துளசி பக்கத்துல நிக்கற மாதிரி இருக்கும். இருக்காதா பின்ன, எல்லாம் ஒரே குடும்பம்தானே. தைமும் அதே குடும்பம். அமெரிக்கக் கடைகள்ல குழாய் மாதிரி பாக்கெட்ல, தோலில்லாம விக்கற காலை உணவு சாஸேஜ் இருக்கே, அதுலயே சேஜும் மிளகும் சேர்ந்துதான் வருது, சிலதுல காய்ஞ்ச மிளகாயும் இருக்கும். பாஸ்டன்ல 1867-ல இருந்து விக்கற 'பெல்ஸ் சீசனிங்'னு ஒரு பொடி இருக்கு. ரோஸ்மேரி, ஓரிகானோ, சேஜ், இஞ்சி, மார்ஜோரம், தைம், மிளகு. ஏழு சாமான்! நம்ம கரம் மசாலாவுக்கு என்ன மரியாதையோ அதே மரியாதை அதுக்கும் உண்டு. இந்த ஏழையும் ஓரங்கட்டிட்டு மேல கரம் மசாலாவைக் கொட்டிட்டு, "இவங்க சாப்பாட்டுல மசாலாவே இல்ல"ன்னு பதிவு போடறது எந்த ஊர் நியாயம்?

இன்னொண்ணும் சொல்லணும். சப்புன்னு இருந்ததுன்னு சொல்றவங்கள்ல பாதிப் பேர் ஸ்டாக்குக்குப் பதிலா வெந்நீர் ஊத்தினவங்க. மீதிப் பேர் வெண்ணெய்க்குப் பதிலா ரெண்டு ஸ்பூன் எண்ணெய் விட்டு "ஹெல்த்தி வெர்ஷன்" பண்ணினவங்க. சாம்பார்ல பருப்பும் புளியும் குறைச்சுட்டு சாம்பாரைத் திட்டினா நாம சும்மா விடுவோமா?

விட மாட்டோம். அதான் என் கடுப்பே. எவனோ ஒரு வெள்ளைக்கார சமையல்காரன் சாம்பார்ல தேங்காய்ப்பாலும் கறிப்பொடியும் போட்டு வீடியோ போட்டா நாம என்ன ஆட்டம் ஆடறோம்! 'கலாச்சாரத் திருட்டு'ங்கறோம், நுண்ணரசியல் பேசறோம், நூறு பின்னூட்டம் கும்மி அடிக்கறோம். நம்ம பக்கம் வரும்போது மட்டும் அது 'நம்ம டேஸ்ட்டுக்கு மாத்தினது'. நல்லா இருக்குங்க உங்க தராசு.

இப்ப கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கறேன். ஏன்னா இந்தக் குற்றத்தை முதல்ல பண்ணினவன் நான்தான்.

2007. ஒஹாயோவுல நாங்க குடிவந்த முதல் வருஷம். பக்கத்து வீட்டுல தனியா ஒரு பாட்டி, பூர்வீகம் பென்சில்வேனியா. நாங்க ஊருக்குப் புதுசுன்னு தெரிஞ்சு தேங்க்ஸ்கிவிங்குக்கு வரச் சொன்னாங்க. வெறுங்கையோட போகக் கூடாதுன்னு தங்கமணி சொல்ல, "நான் என்ன கொண்டு வரட்டும்?"னு கேட்டேன். அவங்க உள்ள போய் ஒரு தகர டப்பாவை எடுத்துட்டு வந்து, அதுல இருந்த ஒரு பழுப்பேறின கார்டைப் பார்த்து, எனக்குன்னு ஒரு புதுக் கார்டுல எழுதிக் குடுத்தாங்க. அவங்க அம்மாவோட ஃபில்லிங். சாஸேஜ் போட்டது. "நீ இதைப் பண்ணிட்டு வா, எனக்கு இப்பல்லாம் ரொட்டி வெட்ட விரல் ஒத்துழைக்க மாட்டேங்குது"ன்னு சொன்னாங்க.

நான் என்ன பண்ணினேன்? கார்டை ஒரு தடவை படிச்சேன். "இதென்ன, உப்பும் மிளகும் ஏதோ இலையும்தானா?"ன்னு சிரிச்சேன். சிக்கன் மசாலா ரெண்டு ஸ்பூன், பச்சை மிளகாய் ஆறு. நம்ம கைவரிசையைக் காட்டியே ஆகணும்னு வெறி. தங்கமணி அப்பவே சொன்னாங்க, "அவங்க கேட்டதைப் பண்ணுங்க"ன்னு. கேட்டாத்தானே.

மேஜையில ஆறு பேர். பாட்டி ஒரு கரண்டி எடுத்துப் போட்டு ஒரு வாய் சாப்பிட்டாங்க. "இன்ட்ரஸ்டிங்"னாங்க. அமெரிக்காவுல இருக்கறவங்களுக்கு அந்த வார்த்தைக்கு என்ன அர்த்தம்னு நான் சொல்ல வேண்டியதில்ல. அப்புறம் தண்ணி குடிச்சாங்க. அப்புறமும் தட்டுல இருந்ததை முழுசா சாப்பிட்டு முடிச்சாங்க, மரியாதைக்காக. அவங்க முகத்தைப் பார்த்தப்பதான் எனக்கு உறைச்சுது. அவங்க எதிர்பார்த்தது என் கைவரிசையை இல்ல. அவங்க அம்மா கை ருசியை. வருஷத்துல ஒரு நாள், ஒரே ஒரு டிரே. அதையும் நான் சிக்கன் மசாலாவுல முக்கி எடுத்துட்டேன்.

அடுத்த வருஷம் அக்டோபர்லயே அவங்க வீட்டு சமையலறைக்குப் போயிட்டேன், கத்துக் குடுங்கன்னு. அங்க தெரிஞ்சுக்கிட்டதைத்தான் இப்ப சொல்லப் போறேன். குறிச்சு வெச்சுக்கறவங்க வெச்சுக்கோங்க.

முதல் பாடம் ரொட்டி. "பழைய ரொட்டி"ன்னு எல்லாக் குறிப்புலயும் இருக்கும். நானும் ரெண்டு நாள் வெளிய வெச்சா போதும்னு நெனச்சேன். தப்பு. பழசாகறது வேற, காயறது வேற. ரொட்டி பழசாகி விறைக்கறது தண்ணி போறதால மட்டும் இல்ல, உள்ள இருக்கற மாவுச்சத்து திரும்பப் படிகமாகறதாலயும்தான். ஈரம் துளி கூட வெளிய போகாம மூடி வெச்சாலும் ரொட்டி விறைக்கும்னு பூசெங்கோங்கற பிரெஞ்சு விஞ்ஞானி 1852-லயே காட்டிட்டார். அப்படிப்பட்ட ரொட்டியைச் சூடு பண்ணினா மறுபடி மெத்துன்னு ஆயிடும், சூடான ஸ்டாக் பட்டதும் கொழகொழ. நமக்கு வேண்டியது தண்ணி வெளியேறின ரொட்டி. அந்த இடத்துலதான் ஸ்டாக் போய் உக்காரணும். அதனால முக்கால் அங்குலத் துண்டா வெட்டி, பெரிய தட்டுல பரப்பி, ஓவன்ல 275 டிகிரி ஃபாரன்ஹீட்ல (சுமார் 135 செல்சியஸ்) முக்கால் மணி நேரம், நடுவுல ரெண்டு தடவை கிளறி விட்டு காய விடணும். நிறம் மாற வேண்டாம், கையில எடுத்தா கலகலன்னு சத்தம் வரணும். அரை கிலோ ரொட்டிக்கு இது. சாதாரண வெள்ளை ரொட்டி போதும், ஃபிரெஞ்சு ரொட்டி இருந்தா இன்னும் நல்லது.

துண்டோட அளவு சின்ன விஷயம்னு நெனைக்காதீங்க. 1972-ல கடைக்கு வந்த 'ஸ்டவ் டாப்' டப்பா ஸ்டஃபிங் தெரியும்ல, அதை உருவாக்கின ரூத் சீம்ஸ்ங்கற அம்மா ஜெனரல் ஃபுட்ஸ் கம்பெனியில வேலை பார்த்தவங்க. அந்தக் கண்டுபிடிப்புக்கு 1975-ல பேடண்ட் கிடைச்சுது. அதோட முக்கிய சூட்சுமமே ரொட்டித் துணுக்கோட அளவுதான். ரொம்பப் பொடியா இருந்தா களி, ரொம்பப் பெருசா இருந்தா நடுவுல ஈரமே ஏறாது. டப்பா ஐட்டத்தை நான் தினம் சாப்பிடச் சொல்லலை. ஆனா அதுக்குப் பின்னாடியே இவ்வளவு யோசனை இருக்கு, நாம பிரெட்டைக் கையால பிச்சுப் போட்டுட்டு குறை சொல்றோம்.

ரெண்டாவது, கொழுப்பு. அரை கிலோ சாஸேஜை (தோல் இருந்தா உரிச்சுட்டு) உதிர்த்துப் போட்டு நல்லா சிவக்க வறுக்கணும். எடுத்துத் தனியா வெச்சுட்டு, சட்டியில இருக்கற கொழுப்பைக் கீழ கொட்டிடாதீங்க. அதுலயே ஒரு ஸ்டிக் வெண்ணெய், அதாவது 113 கிராம், சேர்த்து, ரெண்டு பெரிய வெங்காயம், நாலு தண்டு செலரி பொடியா நறுக்கிப் போட்டு, பத்து பன்னெண்டு நிமிஷம் நிதானமா வதக்கணும். கேரட் பிடிச்சா ஒண்ணு. காளான் பிடிச்சா அதுவும். செலரி பச்சையா நிக்கக் கூடாது, அதே சமயம் குழையவும் கூடாது. கடைசியில நறுக்கின சேஜ், கொஞ்சம் தைம், ஒரு பிடி பார்ஸ்லி. அந்த வாசனை கிளம்பும்போது அடுப்புப் பக்கத்துல நின்னு பாருங்க. அதுக்கப்புறமும் கரம் மசாலா டப்பாவைத் திறக்க உங்களுக்குக் கை வந்தா, உங்களோட பேச எனக்கு ஒண்ணுமில்ல.

அப்புறம் எல்லாத்தையும் கலந்து, ரெண்டு முட்டை அடிச்சு ஊத்தி, ரெண்டரை கப் ஸ்டாக். உப்பு குறைஞ்ச ஸ்டாக்கா பாருங்க, சாஸேஜ்லயே உப்பு இருக்கு. ஒரேயடியா ஊத்தாதீங்க. ரொட்டி குடிக்கட்டும், பத்து நிமிஷம் விட்டு மறுபடி பாருங்க. வெண்ணெய் தடவின டிரேயில கொட்டி, ஃபாயில் மூடி 350-ல (175 செல்சியஸ்) அரை மணி, அப்புறம் ஃபாயிலை எடுத்துட்டு இருபது இருபத்தஞ்சு நிமிஷம். நடுவுல 165 ஃபாரன்ஹீட், அதாவது 74 செல்சியஸ் வந்திருக்கணும். மேல பொன்னிறம். அவ்வளவுதான். எட்டுப் பத்து பேருக்குப் போதும்.

வான்கோழி வயித்துக்குள்ளயே வெச்சாதான் ஒரிஜினல்னு சில பேர் சண்டைக்கு வருவாங்க. அவங்களுக்கும் ஒரு குத்து. பச்சைப் பறவையோட சாறு உள்ள ஊறுது, அதனால நடு மையமும் அதே 74-ஐத் தொட்டே ஆகணும், இல்லேன்னா சால்மொனெல்லா விருந்துக்கு வந்துரும். மையம் அந்தச் சூட்டுக்கு வர்றதுக்குள்ள மார்புக்கறி வறண்டு சக்கையாயிடும். ஸ்டஃபிங்கைக் காப்பாத்தினா பறவை போச்சு, பறவையைக் காப்பாத்தினா வயிறு போச்சு. டிரேல பண்ணுங்க. பறவை ருசி வேணும்னா ரெண்டு வான்கோழி இறக்கையை மேல வெச்சு வேக விடுங்க, சொட்டற சாறு கீழ இறங்கும்.

சரி, எதிர்க்கட்சி வாதத்துக்கு வரேன். போன வருஷமே ஒரு நண்பர் தனி மடல்ல கேட்டார், "ஏன்யா, உணவுன்னா மாறிக்கிட்டேதான் இருக்கும். நம்ம மிளகாயே அமெரிக்கக் கண்டத்துல இருந்து 16-ஆம் நூற்றாண்டுல போர்த்துகீசியர் மூலமா வந்தது. வான்கோழியும் அங்கதான். நீ என்ன கலாச்சாரக் காவலரா?"

நியாயமான கேள்விதான். அவர் சொன்னதுக்கு மேல நானே எடுத்துக் குடுக்கறேன். ஸ்டஃபிங் மாதிரி மாறின பண்டமே கிடையாது. ரோமானியர் காலத்து அபிசியஸ் சமையல் நூல்ல, காட்டு எலி மாதிரி ஒரு பிராணிக்குள்ள பன்றிக்கறி, மிளகு, பருப்பு எல்லாம் அடைச்சு சமைக்கற குறிப்பு இருக்கு. அதுல 'லேசர்'னு ஒரு பிசினும் உண்டு. அந்தச் செடி அருகிப் போனப்புறம் அந்த இடத்துக்கு வந்தது நம்ம பெருங்காயம்! (ஆஹா, அப்ப பெருங்காயம் போடலாம்னு கெளம்பிடாதீங்க. போடறதா இருந்தா அந்த எலியையும் சேர்த்துப் போடுங்க.) இங்கயே லூசியானாவுல அரிசி, மின்னசோட்டாவுல காட்டரிசி, கடலோரத்துல சிப்பி, இத்தாலியில இருந்து வந்தவங்க பெருஞ்சீரகம் போட்ட அவங்க ஊர் சாஸேஜ்னு ஆளாளுக்கு மாத்தியிருக்காங்க. நான் மறுக்கவே இல்ல.

ஆனா ஒரு வித்தியாசம் இருக்கு. லூசியானாக்காரன் அரிசி போட்டது அவன் வயல்ல அரிசி விளைஞ்சதால. கடலோரத்துக்காரன் சிப்பி போட்டது வாசல்ல சிப்பி கிடைச்சதால. நாம மசாலா போடறது எதனால? ஒரு வாய் கூட ஒழுங்கா ருசி பார்க்காம, பழக்கமில்லாத வாசனை வந்துருமோன்னு ஒரு பயத்தால. பதினஞ்சு வருஷம் ஒரு ஊர்ல இருப்போம், அவங்க காசுல வீடு வாங்குவோம், அவங்க பள்ளிக்கூடத்துல புள்ளைங்களைப் படிக்க வைப்போம், ஆனா அவங்க வீட்டுச் சாப்பாட்டை அதோட ருசியில ஒரு தடவை சாப்பிட்டுப் பார்க்க மாட்டோம். எல்லாத்து மேலயும் அதே பொடியைத் தூவி எல்லாத்தையும் ஒரே ருசியாக்கிட்டு அதுக்கு 'ஃப்யூஷன்'னு பேர் வைப்போம். முதல்ல அதை அதுவா நாலு தடவை பண்ணுங்க. அஞ்சாவது தடவை உங்களுக்கே ஒண்ணு தோணும். அப்ப பச்சை மிளகாய் போடுங்க, நானே வந்து சாப்பிடறேன்.

பாட்டி 2019-ல போய்ச் சேர்ந்துட்டாங்க. அதுவரைக்கும் ஒவ்வொரு வருஷமும் அந்த டிரே எங்க வீட்டுல இருந்துதான் போச்சு. 2008-ல மசாலா இல்லாம முதல் தடவை கொண்டு போனப்ப ஒண்ணும் சொல்லலை. ரெண்டாவது தடவை எடுத்துப் போட்டுக்கிட்டாங்க, அவ்வளவுதான்.

அவங்க மகன் வேற மாநிலத்துல இருக்கார். போன வருஷம் நவம்பர்ல திடீர்னு ஃபோன். அவர் பொண்ணுக்குக் கல்யாணமாகி முதல் தேங்க்ஸ்கிவிங், பாட்டி பண்ற ஃபில்லிங் வேணும்னு கேக்கறாளாம். வீட்டைக் காலி பண்ணும்போது தகர டப்பா எங்க போச்சுன்னு தெரியலையாம். "உங்ககிட்ட அம்மா எழுதிக் குடுத்தது இருக்கா?"ன்னு கேட்டார். இருந்துது. ஆனா கார்டுல பல இடத்துல 'தேவையான அளவு'ன்னுதான் இருக்கும். "சேஜ் எவ்வளவு போடணும்? ஸ்டாக் எந்தப் பதத்துல நிறுத்தணும்?"ன்னு கேட்டுக்கிட்டே போறார். அரை மணி நேரம் சொன்னேன். சேஜ் நறுக்கினது ரெண்டு டேபிள்ஸ்பூன். ஸ்டாக், ரொட்டியை அழுத்தினா ஈரம் தெரியணும், ஆனா அடியில தேங்கக் கூடாது.

2007-ல பண்ணின மாதிரியே பண்ணிக்கிட்டு இருந்திருந்தா, அன்னிக்கு ஃபோன்ல அவருக்கு நான் என்னத்தைச் சொல்லியிருப்பேன்? சிக்கன் மசாலா பிராண்டு பேரையா?

டிஸ்கி 1: பன்றி சாப்பிடாதவங்க வான்கோழி சாஸேஜோ கோழி சாஸேஜோ போடலாம், கொழுப்பு கம்மிங்கறதால வெண்ணெயைக் கொஞ்சம் கூட்டிக்கோங்க. சைவம்னா காளானை நல்லா சிவக்க வதக்கி, காய்கறி ஸ்டாக். இதுக்கெல்லாம் நான் கோபப்பட மாட்டேன்.

டிஸ்கி 2: மிச்சமானா மறுநாள் காலையில தோசைக்கல்லுல வெண்ணெய் போட்டு அடை மாதிரி தட்டி, மேல ஒரு முட்டை. இட்லிப்பொடி தொட்டுக்கலாமான்னு கேக்காதீங்க. தங்கமணி தொட்டுக்கறாங்க. நான் வேற பக்கம் பார்த்துக்குவேன்.

டிஸ்கி 3: ஆட்டோ அனுப்பறவங்க வியாழக்கிழமை சாயங்காலம் அனுப்புங்க, டிரே சூடா இருக்கும்.